டார்வின் வளர்த்த கோழிகள்
நிறமும் குணமும் பற்றிய ஒரு பழைய நூலின் மறு மதிப்பீடு

டார்வின் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1868-இல், அவர் இரண்டு பெரிய தொகுதிகளாக மற்றொரு நூலை வெளியிட்டார். வீட்டு விலங்குகளிலும் பயிர்களிலும் காணப்படும் மாறுபாடுகளைப் பற்றிய நூல் அது. புறா, முயல், நாய், பன்றி, முட்டைக்கோசு என்று மனிதன் வளர்த்த உயிர்களையெல்லாம் ஆராயும் அந்நூலைப் பெயரளவில் அறிந்தவர்கள் பலர்; புரட்டிப் பார்த்தவர்கள் சிலரே. அதன் முதல் தொகுதியில் ஏழாவது இயல் முழுவதும் கோழிகளைப் பற்றியது. அந்த இயலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இயற்பியல் படித்தவனுக்குக் கோழியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஆய்வை எப்படி அமைப்பது, கிடைத்த எண்களிலிருந்து எதை முடிவு கட்டலாம், எதை முடிவு கட்டக்கூடாது என்னும் பாடத்துக்கு இயற்பியல், உயிரியல் என்ற வேலி கிடையாது. அந்தப் பாடத்தைக் கற்க இந்த இயல் மிகப் பொருத்தமானது. இதில் மிகச் சிறந்த சோதனை ஒன்று இருக்கிறது. மிகப் பலவீனமான முடிவு ஒன்றும் இருக்கிறது. அளக்கப்படாமலே எழுதப்பட்ட அடைமொழிகளும் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

ஒரு தாயா, பல தாய்களா?

கோழி வளர்ப்போர் அக்காலத்தில் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிப் படைப்பாகவே கருதினர். முகம் வெளுத்த கருப்பு ஸ்பானிஷ் கோழிக்கும், கால்வரை இறகு மூடிய கொச்சின் கோழிக்கும், பட்டு நூல்போன்ற இறகுடைய சில்க் கோழிக்கும் ஒரே மூதாதை இருக்க முடியும் என்று அவர்கள் நம்பவில்லை.

உலகில் காட்டுக்கோழிகள் நான்கு வகை. இந்தியாவின் வடபகுதி முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ள செங்காட்டுக்கோழி ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழி மற்றொன்று. இலங்கைக் காட்டுக்கோழி மூன்றாவது. ஜாவா முதலிய தீவுகளில் வாழும் பச்சைக் காட்டுக்கோழி நான்காவது. இவற்றுள் செங்காட்டுக்கோழி ஒன்றே எல்லா வளர்ப்புக் கோழிகளுக்கும் தாய் என்பது டார்வினின் வாதம். குரல், நிறம், உடலமைப்பு, வளர்ப்புக் கோழியோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கும் திறன் ஆகிய நான்கையும் அவர் சான்றாக நிறுத்துகிறார். ஆனால் வாதத்தோடு நின்றுவிடாமல் சோதனையும் செய்தார் என்பதுதான் அவருடைய பெருமை.

ஆறு கலப்புகள்

சோதனையின் கருத்து எளிமையானது. எல்லா இனங்களும் செந்நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்றால், சிவப்பின் சுவடே இல்லாத இரு இனங்களைக் கலக்கும்போது, மறைந்து கிடக்கும் பழைய நிறம் எங்கேனும் தலைகாட்ட வேண்டும்.

இதற்காக டார்வின் முதலில் தம்மிடம் இருந்த கோழிகளையெல்லாம் ஒழித்தார். அவர் வீட்டருகே வேறு கோழிகளும் இல்லை. பிறகு டெகட்மையர் என்னும் கோழி வல்லுநரின் உதவியால் உயர்தரக் கருப்பு ஸ்பானிஷ் சேவல் ஒன்றையும், ஆறு வகைப் பெட்டைகளையும் வாங்கினார். வெள்ளை கேம், வெள்ளைக் கொச்சின், வெள்ளை சில்க் ஆகியவை மூன்று. வெள்ளிப் புள்ளி போலிஷ், வெள்ளிப் புள்ளி ஹாம்பர்க், வெள்ளிக் கோடு ஹாம்பர்க் ஆகியவை மற்ற மூன்று. எதிலும் சிவப்பு இல்லை. வேறு சேவல் கலக்க வழியில்லாதபடி முன்கூட்டியே இடத்தைச் சுத்தம் செய்த அந்த முதல் வேலையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். புறக்காரணிகளை விலக்காமல் செய்யும் சோதனை சோதனையாகாது.

குஞ்சுகளில் பெரும்பாலானவை கருப்பாகப் பிறந்தன, சில வெள்ளை, மிகச் சில கருப்பும் வெள்ளையும் கலந்தவை. ஆனால் சேவல் குஞ்சுகள் சில வளர வளர நிறம் மாறின. ஸ்பானிஷ் சேவலுக்கும் வெள்ளை சில்க் பெட்டைக்கும் பிறந்த ஒரு சேவல் முதலில் கரிக்கட்டையாக இருந்தது. பருவம் வந்தபோது அதன் கழுத்திலும் இடுப்பிலும் மஞ்சளும் ஆரஞ்சும் படர, இறக்கையில் செம்மை ஏற, காட்டுச் சேவலின் சாயல் வந்துவிட்டது! சில்க் போன்ற இறகுடைய கோழி 1600-க்கு முன்பே பதிவாகியிருக்கிறது. இவ்வளவு காலம் தூய இனமாக வளர்ந்த பறவையின் வழியில் காட்டின் நிறம் மீண்டும் வந்ததே என்று டார்வின் வியக்கிறார். நாமும் வியக்கலாம். இந்தப் பகுதி இன்றும் பழுதில்லாமல் நிற்கிறது.

எண்ணிப் பார்க்கத் தவறிய எண்கள்

ஆனால் இங்கேயே ஒரு குறை தொடங்குகிறது. வெள்ளை கேம், வெள்ளைக் கொச்சின் பெட்டைகளின் முட்டைகள் கலந்திருந்த ஒரு தொகுதியில் 11 குஞ்சுகள் பொரித்தன; அவற்றில் 7 வெள்ளை, 4 கருப்பு என்று டார்வின் குறிக்கிறார். வெள்ளை நிறம் வலுவாக மரபில் இறங்குகிறது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டிவிட்டு மேலே சென்றுவிடுகிறார். எந்தப் பெட்டையின் முட்டையில் எந்த நிறம் வந்தது? தெரியாது. முட்டைகளைப் பிரித்து வைக்கவில்லை. அடுத்த தலைமுறையில் என்ன விகிதம்? அதுவும் கணக்கிடப்படவில்லை.

பிரூன் நகரத்து மடத்தில் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை இனம் பிரித்து, தலைமுறை பிரித்து எண்ணி, முடிவுகளை 1866-இல் அச்சிட்டிருந்தார். டார்வின் அதைப் படித்ததற்குச் சான்று இல்லை. அவர் இதே நூலின் இரண்டாம் தொகுதியில் 'பான்ஜெனிசிஸ்' என்ற கொள்கையை முன்வைத்தார். உடலின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் நுண்துகள்கள் புறப்பட்டு இனப்பெருக்க உறுப்புகளில் சேர்கின்றன என்பது அதன் சாரம். அந்தக் கொள்கை நிலைக்கவில்லை.

டார்வினின் கோழிகளை இன்று நாம் எப்படிப் படிக்கிறோம்? கோழியில் வெள்ளை நிறம் ஒரே காரணத்தால் வருவதில்லை. லெகார்ன் கோழியின் வெள்ளை ஓங்கு பண்பு. கருப்பு நிறமியை அது அடக்கிவிடும். சில்க் கோழியின் வெள்ளை ஒடுங்கு பண்பு. நிறமி உண்டாகத் தேவையான ஒரு படி அதில் நின்றுபோயிருக்கிறது. ஆகவே சில்க் பெட்டையைக் கருப்புச் சேவலோடு சேர்த்தால் குஞ்சுகள் கருப்பாகின்றன. பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். உள்ளே இருக்கும் காரணங்கள் வேறு.

ஓங்கு வெள்ளைக் கோழி ஒன்றையும் ஒடுங்கு வெள்ளைக் கோழி ஒன்றையும் கலந்தால் முதல் தலைமுறை வெள்ளையாக இருக்கும். அவற்றுக்குள் இணை சேர்த்தால் அடுத்த தலைமுறையில் 13 வெள்ளைக்கு 3 நிறக்கோழி என்னும் விகிதம் வரும். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பிறந்த வெள்ளைகளின் வயிற்றில் நிறக்கோழி! பழைய காலமாக இருந்தால் வேலி தாண்டி வந்த சேவல்மீது பழி விழுந்திருக்கும்.

காட்டுச் சாயல் திரும்பியதற்கும் விளக்கம் உண்டு. வெள்ளை சில்க் கோழியின் உடலில், வெள்ளைக்கு அடியில், பழைய நிற அமைப்பின் ஜீன்கள் வெளியே தெரியாமல் தங்கியிருக்கலாம். ஸ்பானிஷ் கோழியின் கருப்பு இரு பெற்றோர் வழியாகவும் வந்தால் உடல் முழுவதையும் மூடும். ஒரு வழியில் மட்டும் வந்தால், சேவலின் கழுத்தையும் இடுப்பையும் பெரும்பாலும் முழுதாக மூட முடியாது. மூடாத இடத்தில் பழைய பொன்னிறம் எட்டிப் பார்க்கிறது. டார்வின் கண்டது உண்மை. அதன் இயக்கம்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

500 முட்டைகளும் 12 குஞ்சுகளும்

இனி பலவீனமான முடிவுக்கு வருவோம். நம் சாம்பல் காட்டுக்கோழிக்கு அறிவியல் பெயரில் சொனரா என்னும் பிரெஞ்சு இயற்கையாளரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. வளர்ப்புக் கோழிகளின் தாய் இதுவே என்று ஒரு காலத்தில் கருதப்பட்டதும் உண்டு. டார்வின் அதை மறுக்கிறார். அவர் காட்டும் முக்கியச் சான்று, லண்டன் விலங்கியல் தோட்டத்தில் நடந்த கலப்பு முயற்சி. இக்காட்டுக்கோழியையும் பிற காட்டுக்கோழிகளையும், அவற்றின் கலப்பினங்களையும் சேர்த்துப் பெற்ற ஏறக்குறைய 500 முட்டைகளிலிருந்து 12 குஞ்சுகளே தேறின. இவ்வளவு மலட்டுத்தன்மை இருக்கும்போது இது எப்படித் தாயாக முடியும் என்பது அவர் கேள்வி.

தாயாக முடியாது என்பது சரி. ஆனால் பங்கே இல்லை என்பது எப்படிச் சரியாகும்? 500-க்கு 12 என்றால் நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. ஆனாலும் அது சுழி அல்ல. இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: 'மிகக் குறைவு' என்பதும் 'இல்லை' என்பதும் வெவ்வேறு விடைகள். தூய சிலிக்கன் படிகத்தில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஓர் அணு என்ற அளவில் வேற்றுப்பொருளைச் சேர்த்தாலே அதன் மின்கடத்தும் திறன் பன்மடங்கு மாறிவிடும். சிறிய கலப்பின் விளைவு சிறியதாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

2008-இல் இதற்கு விடை கிடைத்தது. லெகார்ன், கொச்சின் போன்ற பல கோழிகளுக்குத் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மக்காச்சோளம், கீரை முதலிய தீவனத்திலிருந்து வரும் கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள் தோலில் தங்குவதால் வரும் மஞ்சள் அது. வெள்ளைத் தோல் கோழிகளில் ஒரு நொதி அப்பொருளைச் சிதைத்துவிடுகிறது. மஞ்சள் தோல் கோழிகளின் தோலில் அந்த நொதிக்கான ஜீன் அடங்கிக் கிடக்கிறது. அந்த ஜீனை வரிசைப்படுத்திப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், மஞ்சள் தோலுக்கான வடிவம் செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே வந்திருக்கிறது என்று கண்டனர். உலகெங்கும் கூண்டுகளில் வாழும் மஞ்சள் கால் கோழிகள் நம் தென்னாட்டுக் காட்டுப் பறவையின் ஒரு துளியைச் சுமக்கின்றன!

டார்வினுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 863 கோழிகளின் மரபுத் தொகுதியை ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் ஒரு துணையினமே வளர்ப்புக் கோழியின் முதன்மை மூதாதை என்று அது காட்டியது. பெரிய கேள்வியில் டார்வின் வென்றார். ஒரே தாய் என்ற சொல்லில் இருந்த 'ஒரே' மட்டும் தோற்றது.

அடைமொழிகளால் எழுதிய குணம்

நிறத்தைப் பற்றிய பகுதியில் சோதனை இருக்கிறது, எண் இருக்கிறது. குணத்தைப் பற்றிய பகுதியில் இரண்டும் இல்லை. கேம் இனம் அடங்காத வீரமுடையது, மலாய் மூர்க்கமானது, கொச்சின் சாந்தமானது என்று இனத்துக்கு ஓர் அடைமொழியாகப் பட்டியல் ஓடுகிறது. எத்தனை பறவைகளைப் பார்த்தார்கள்? எத்தனை முறை கொத்தின? கையில் எடுத்து வளர்த்தவையா, திறந்த வெளியில் வளர்த்தவையா? எதுவும் சொல்லப்படவில்லை. கோழி வளர்ப்போர் வாய்மொழியாகச் சொன்னதே பெரும்பாலும் பட்டியலாகிவிட்டது. அளவிடப்படாத ஒன்றைப் பற்றி எழுதும்போது அடைமொழிதான் மிஞ்சும்.

வேடிக்கை என்னவென்றால், நிறத்துக்கும் குணத்துக்கும் முடிச்சில்லை என்பதற்கான சான்று அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. கேம் இனத்தில் செந்நிறம், வெள்ளை, கருப்பு எனப் பல நிறங்கள் உண்டு என்கிறார் டார்வின். நிறம் பல, சண்டைக்குணம் ஒன்று. மறுபுறம் வெள்ளை நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கார கேம் கோழியிலும் வெள்ளை உண்டு, சாதுவான கொச்சினிலும் வெள்ளை உண்டு. நிறம் ஒன்று, குணம் பல. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒரு பத்தி எழுதியிருந்தால், எத்தனையோ வீண் நம்பிக்கைகளுக்கு அன்றே விடை கிடைத்திருக்கும்.

ஏனெனில் அந்த நம்பிக்கை உலகம் முழுவதும் இருக்கிறது. இந்த நிறக் கோழி முரடு, அந்த நிறக் கோழி சாது என்று வளர்ப்போர் இன்றும் சொல்கிறார்கள். ஆந்திரத்திலும் நம் ஊர்களிலும் சண்டைச் சேவல்களை இறகு நிறத்தைக் கொண்டு காகம், மயில், வல்லூறு என்று பிரித்து, இன்ன நாளில் இன்ன நிறம் வெல்லும் என்று கணித்துப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்!

குணம் மரபில் இறங்குவதே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இறங்குகிறது. அடை உட்காராத இரண்டு இனங்களைக் கலந்தால், பிறக்கும் பெட்டைகள் பல நேரங்களில் மும்முரமாக அடை உட்காருகின்றன என்ற செய்தியை டார்வினே இரண்டாம் தொகுதியில் தருகிறார். நிறத்தில் கண்ட அதே மீட்சி, குணத்திலும்! ஆனால் எந்தக் குணத்தையும் அதற்குரிய அளவுகோலால்தான் அளக்க வேண்டும். இறகைப் பார்த்து ஊகிக்கக்கூடாது.

அளந்து பார்த்தபோது

அவ்வாறு அளந்து பார்த்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர் 1996-இல் வெளியிட்டது. பல பறவைகள் சேர்ந்து வாழும் கூண்டுகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்வது முட்டைப் பண்ணைகளின் பெரிய தொல்லை. அதிகம் முட்டையிடும் தனிக் கோழியைப் பொறுக்கி எடுப்பதுதான் வழக்கமான முறை. அந்தத் தனிக் கோழி மற்றவற்றைக் கொத்தி ஒடுக்கியே முன்னுக்கு வந்ததாக இருக்கலாம் அல்லவா? மியூர் முறையை மாற்றினார். ஒரே குடும்பத்துக் கோழிகளை ஒரு கூண்டில் வைத்து, தனிக் கோழியை விட்டுவிட்டு, கூண்டு முழுவதன் பயனையும் அளந்து, நல்ல கூண்டுகளைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 விழுக்காடாக இருந்த இறப்பு, நான்காம் தலைமுறையில் 8.8 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு கோழிக்கு ஆண்டுக்கு 91 முட்டை என்பது 237 ஆக உயர்ந்தது. இத்தேர்வில் நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை. சேர்ந்து வாழும் குணத்தைத் தேடினார், அது கிடைத்தது.

இரண்டாவது, 2004-இல் வெளிவந்தது. செங்காட்டுக்கோழியையும் வெள்ளை லெகார்னையும் கலந்து பெற்ற வழித்தோன்றல்களில், எந்தக் கோழியின் இறகு மிகுதியாகப் பிடுங்கப்படுகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஓங்கு வெள்ளைக்குரிய ஜீனின் காட்டு வடிவத்தை இரு பக்கமும் பெற்று நிறத்தோடு பிறந்த கோழிகளே அதிகம் கொத்துப்பட்டன. அத்தகைய கோழிகள் கூட்டத்தில் மிகுந்திருந்தபோது பாதிப்பு கூடியது. இங்கே நிறத்துக்கும் கொத்தலுக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட தொடர்பு என்று பாருங்கள். நிறக்கோழி கொத்துகிறது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை; நிறக்கோழி கொத்துப்படுகிறது என்று சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தவன், சண்டை நடக்கும் இடத்திலெல்லாம் நிறக்கோழி நிற்பதைக் கண்டு, அதையே குற்றவாளி ஆக்கியிருப்பான்.

நிறமும் குணமும் சேர்ந்தே மாறும் என்பதற்கு ருஷிய நரிகளை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 1959-இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில், மனிதனுக்கு அஞ்சாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்தபோது, சிலவற்றில் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. ஆனால் 2020-இல் இதை மறு ஆய்வு செய்தவர்கள், அந்த நரிகள் கனடாவின் ரோமப் பண்ணைகளிலிருந்து வந்த வழியினர் என்றும், வெள்ளைத் திட்டு அப்பண்ணைகளில் முன்பே இருந்தது என்றும் எடுத்துக்காட்டினர். நிறமும் குணமும் ஏதேனும் ஓர் இனத்தில் இணைந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இணைந்திருந்தால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு, இணைந்திருக்கிறது என்பவருடையது.

தூய்மை என்பது என்ன?

கடைசியாக ஒரு கேள்வி. கண்காட்சிகளில் பரிசு பெறும் 'தூய இனம்' என்பதற்குப் பொருள் என்ன? நீல ஆண்டலூசியன் என்னும் அழகிய இனத்தை எண்ணுங்கள். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் ஏறக்குறைய கால் பங்கு கருப்பு, அரைப் பங்கு நீலம், கால் பங்கு அழுக்கு வெள்ளை. எத்தனை தலைமுறை வளர்த்தாலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்சன், பன்னட் முதலியோர் மெண்டல் விதிகொண்டு இதை விளக்கினார்கள். நீலம் என்பதே கருப்பு ஜீன் ஒன்றும் வெள்ளை ஜீன் ஒன்றும் கலந்த நிலை. அதாவது பரிசு பெறும் 'தூய' நீலம் ஒரு கலப்பு! கழித்து ஒதுக்கப்படும் கருப்பையும் அழுக்கு வெள்ளையையும் இணை சேர்த்தாலோ, அத்தனை குஞ்சும் நீலமாகவே பிறக்கும்.

ஆகவே டார்வினின் ஏழாவது இயலுக்கு நாம் என்ன மதிப்பெண் தரலாம்? சோதனை அமைத்த திறத்துக்கு முழு மதிப்பெண். எண்களைப் பிரித்து எண்ணாததற்குக் கழிவு. 12 குஞ்சுகளைச் சுழியாகக் கருதியதற்குக் கழிவு. குணத்தைப் பற்றிக் கேட்டதை எழுதியதற்கு அதிகக் கழிவு. இத்தனை கழித்த பிறகும் அது படிக்க வேண்டிய இயலே. தம் வாதத்துக்கு எதிராகப் பயன்படக்கூடிய எண்ணையும் மறைக்காமல் அச்சிட்டவர் அவர். அந்த 500-ஐயும் 12-ஐயும், 7-ஐயும் 4-ஐயும் அவர் எழுதாமல் விட்டிருந்தால், இன்று அவரைத் திருத்த நமக்கு எதுவும் கையில் இருந்திருக்காது.

மாணவ நண்பர்களே, நிறத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்வதும், பிறப்பைப் பார்த்துத் தூய்மையை அளப்பதும் கோழிக் கூண்டோடு நின்றுவிடும் பழக்கங்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மனிதர்களைப் பற்றி இப்படி எழுதப்பட்ட நூல்கள் எத்தனையோ. அவற்றால் விளைந்த கொடுமைகளும் எத்தனையோ. ஒரே கூரையின் கீழ், ஒரே தீவனம் தின்று வளரும் கோழியிலேயே நிறம் குணத்தைச் சொல்லவில்லை. அடுத்த முறை யாரேனும் உங்களிடம் அப்படி ஒரு தீர்ப்பைச் சொன்னால், எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எதைக்கொண்டு அளந்தீர்கள் என்று கேளுங்கள். அறிவியல் படித்ததன் முதல் பயன் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவுதான்.